கும்மட்டத்தின் கீழே ஒரு புதன்கிழமை

போன வாரம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கல்யாணம். புத்தம் புதிய மண்டபம். வழுவழுவென்று மொசைக் தரை, சுவரெல்லாம் பளபளப்பு.

மணமக்களை வாழ்த்திப் பேச ஒரு பெரியவர் எழுந்தார். நல்ல பேச்சாளர்தான். பேசினார், பேசினார்... ஒரு சொல்லாவது விளங்க வேண்டுமே! அவர் சொன்ன சொல் மேலே போய் முட்டி, திரும்பி வந்து, அடுத்த சொல்லின் தலையில் உட்கார்ந்துகொண்டது. ஒருவழியாக அவர் முடித்ததும் எல்லோரும் கைதட்டினோம். அந்தக் கைதட்டலும் இரண்டு முறை கேட்டது.

மண்டபத்துக்காரர் என் பக்கத்தில்தான் இருந்தார். "எப்படிங்க இருக்குது மண்டபம்?" என்றார்.

"பாக்கறதுக்கு நல்லா இருக்குதுங்க."

பொய் சொல்லவில்லையே?

கட்டடம் என்றால் நாம் கண்ணால்தான் பார்க்கிறோம். பூச்சைத் தட்டிப் பார்ப்போம். தரையில் தண்ணீர் ஊற்றி வாட்டம் பார்ப்போம். உள்ளே நின்று யாராவது காது கொடுத்துப் பார்க்கிறோமா? நான் அறிந்து ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் அப்படி நடந்தது. அதுவும் கடைசி நேரத்தில், யாரும் திட்டமிடாமல்.

அது ஒரு பள்ளிவாசல். நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டிப் பக்கம் போகிற வழியில் உள்ள ஒரு சிற்றூர். நடந்தது இந்த எண்பதுகளின் தொடக்கத்தில். ஆண்டைச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும், ஊர் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும். எதற்கெடுத்தாலும் தேதி சொல்கிறான் என்று என்னைக் கேலி செய்யும் வாசகர்கள் இந்த ஒரு வாரம் நிம்மதியாக இருக்கலாம். கிழமையை மட்டும் சொல்கிறேன். கிழமை இல்லாமல் இந்தக் கதை நிற்காது.

அந்த ஊர் முத்தவல்லி, அதாவது பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர், லாரி அதிபர். இளம் வயதில் தாமே ஸ்டியரிங் பிடித்தவர். பெயர் காதர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நான் நடத்திக்கொண்டிருந்த சிறிய அச்சகத்தில்தான் அவருடைய பில் புத்தகங்களெல்லாம் அச்சாகும். அந்தப் பழக்கம்.

பழைய பள்ளி இடிந்துவிழும் நிலையில் இருந்தது. பெரிதாக, புதிதாகக் கட்டுவது என்று ஜமாஅத்தில் முடிவானது. பிளான் போட மோகனூர் சுந்தரத்தைக் கூப்பிட்டார்கள். கவுண்டர் வீட்டுப் பையன். கோவையில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வீடுகளும் கிடங்குகளும் கட்டிக்கொண்டிருந்தான். அவன் அப்பாவும் காதர் பாயும் பழைய கூட்டாளிகள். அதனால் அவன் "மாமா" என்பான், இவர் "மாப்ளே" என்பார்.

அந்தக் கட்டடத்துக்கு பிளான் உருவான விதத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. நாமக்கல் லாரி போகாத ஊர் இந்தியாவில் உண்டா? போகிற டிரைவர்களிடமெல்லாம் காதர் பாய் சொல்லிவிட்டார், வழியில் நல்ல பள்ளிவாசலாகப் பார்த்தால் படம் வாங்கி வா என்று. வந்து குவிந்தன. ஒருவர் ஐதராபாத் மினாராவைக் கொண்டுவந்தார். ஒருவர் டெல்லியிலிருந்து படிக்கட்டைக் கொண்டுவந்தார். அகமதாபாத் போனவர் கல்லில் கொடி ஓடும் சன்னலைக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, "இதெல்லாம் வரோணும் மாப்ளே" என்றார் காதர் பாய்.

சுந்தரம் பார்த்தான். "இத்தனையும் வெச்சா பள்ளிவாசலாட்டம் இருக்காதுங்க மாமா. லாரி ஆபீஸ் காலண்டராட்டம் இருக்கும்."

காதர் பாய் சிரித்துவிட்டார். ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தார். ஒன்றை மட்டும் விடவில்லை. டிரைவராக இருந்த காலத்தில் பீஜப்பூரில் வண்டியை நிறுத்திவிட்டு, அங்குள்ள பெரிய கும்மட்டத்துக்குள் போய் அண்ணாந்து நின்றிருக்கிறார். "தூணே இல்ல மாப்ளே. மேல வானமாட்டம் வளைஞ்சு நிக்குது. அந்த மாதிரி ஒண்ணு... சின்னதாவாச்சும் வேணும்."

தூணே இல்லை என்றதும் சுந்தரத்துக்குப் பிடித்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்க வேண்டும். பழைய பள்ளியில் குண்டுகுண்டாகத் தூண்கள். ஒவ்வொரு வரிசையும் தூணுக்குத் தூண் உடைந்து நிற்கும். வரிசை உடையாத ஒரு கூடம் கட்ட வேண்டும் என்பதுதான் அவன் எண்ணமும்.

கட்டினான். கூடத்தின் நடுவே எங்கும் தூண் இல்லை. பாரமெல்லாம் நான்கு மூலைகளுக்கும் ஓரச் சுவர்களுக்கும் போகிறது. மேலே கான்கிரீட் கும்மட்டம். அது தொடங்கும் இடத்தில் வளையமாக ஒரு பீம். வளையத்துக்கு மேலே சுற்றிலும் சின்னச் சின்ன சன்னல்கள். காலையில் கிழக்குச் சன்னல்களின் வெளிச்சம் மேற்குச் சுவரில் வட்ட வட்டமாக விழும். வெயில் ஏற ஏற அந்த வட்டங்கள் சுவரைவிட்டு இறங்கித் தரையில் நகரும். வெளியே எருமப்பட்டிக் காட்டு வெயில் காய்ந்தாலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். தெற்கிலும் வடக்கிலும் ஆள் உயரத்துக்குக் கதவுபோன்ற சன்னல்கள், காற்று குறுக்கே ஓட.

நான் பல பழைய கட்டடங்களைத் தேடிப் போய்ப் பார்த்தவன். சொல்கிறேன், அந்தக் கூடத்துக்குள் போனால் பேச்சு தானாகத் தணியும். மதம் எதுவானாலும்.

திறப்பு விழா அழைப்பிதழை நான்தான் அச்சடித்தேன். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகையோடு திறப்பு. கீழே ஒரு வரி: "பெண்கள் பார்வையிட — புதன்கிழமை மாலை."

அந்த வரி எதற்கு என்று அறியாத வாசகர்கள் இருக்கலாம். அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பெண்கள் தொழத் தனி இடம் கிடையாது, வீட்டிலேயே தொழுவார்கள். பள்ளியைத் திறந்து தொழுகை தொடங்கிவிட்டால், அதன் பிறகு கூடம் ஆண்களுக்கானது. அதனால் புதுப் பள்ளி கட்டினால், திறப்பதற்கு முன் ஒரு பொழுது பெண்களுக்கென்று ஒதுக்குவார்கள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்து உள்ளே சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு பொழுதுதான்.

வினை அதற்கு முந்தைய வாரமே வந்துவிட்டது.

அதுவரை கூடத்துக்குள் சாரமும் சாக்கும் மணலும் பலகையும் அடைந்துகிடந்தன. எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டு, தரையைக் கழுவித் துடைத்ததும், ஹஜ்ரத்தை உள்ளே நிற்கவைத்து ஓதச் சொன்னார்கள். அழைப்பிதழ்க் கட்டோடு போயிருந்த நானும் கூட இருந்தேன். ஊரில் தொழவைப்பவர் அவர். வயதானவர், இனிமையான குரல்.

ஒரு வரி ஓதினார். அது கும்மட்டத்துக்குப் போனது. இறங்கியது. மறுபடி ஏறியது. அவர் அடுத்த வரியைத் தொடங்கும்போது முதல் வரி இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தினார். அடங்கும்வரை காத்திருந்தார். மறுபடி ஓதினார். பின்வரிசைக்குப் போய் நின்ற நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முழக்கம் கேட்டது. சொல் கேட்கவில்லை.

ஓதுவது விளங்காத பள்ளிவாசல்!

மைக் வைத்துப் பார்த்தார்கள். இன்னும் மோசம்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. பீஜப்பூர் கும்மட்டத்தைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அங்கே போகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள்? ஒரு முறை கைதட்டிவிட்டு, அது திரும்பத் திரும்பக் கேட்பதைக் கேட்கத்தான். காதர் பாய் அதைத்தான் விரும்பிக் கேட்டு வாங்கியிருக்கிறார். அன்று கும்மட்டத்தை அண்ணாந்து பார்த்தவர் கைதட்டிப் பார்க்கவில்லை.

அன்று மாலையே கட்டடக் கமிட்டி கூடியது. ஒருவர் யோசனை சொன்னார், வளையத்துக்குக் கீழே பிளைவுட்டில் ஃபால்ஸ் சீலிங் அடித்துவிடலாம். எதிரொலி நின்றுவிடும்.

சுந்தரத்துக்கு முகம் செத்துவிட்டது. சீலிங் அடித்தால் கும்மட்டம் உள்ளிருந்து தெரியாது. சுற்றுச் சன்னல்களும் மறைந்துவிடும். வெளிச்சம் போச்சு. பிறகு அது ஒரு பெரிய பெட்டி. தலையில் கும்மட்டம் கவிழ்த்த பெட்டி.

"ஆள் நிறைஞ்சா சரியாயிருமுங்க மாமா. மனுசன் உடம்பு சத்தத்தைக் குடிக்கும்" என்று கெஞ்சினான்.

"ஜும்மாவுக்கு நிறையும் மாப்ளே. பொழுது விடியத் தொழறதுக்கு? ஒரு வரிசை வந்தாலே பெருசு. அவங்களுக்கு ஓதுறது கேக்க வேண்டாமா?"

சீலிங் அடிக்கக் காதர் பாய்க்கும் மனது இல்லை, குரலிலேயே தெரிந்தது. ஆனால் ஓதுவதற்காகத்தான் பள்ளி. கும்மட்டத்துக்காக அல்ல. அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது?

சேலத்துக்கு ஆள் போனது. காதர் பாயின் லாரியிலேயே பிளைவுட் வந்து இறங்கியது. பெண்கள் பார்த்துவிட்டுப் போகட்டும், வியாழக்கிழமை விடிந்ததும் அடித்துவிடுவது என்று முடிவு.

புதன்கிழமை. நான் போயிருந்தேன். சுந்தரம் வரச் சொல்லியிருந்தான். "கடைசியா ஒருக்கா பாத்துக்கலாம் வாங்கண்ணா" என்று. ஆனால் நான் போனபோது பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஆண்கள் உள்ளே போகக் கூடாது. காதர் பாய், கமிட்டிக்காரர்கள் சிலர், சுந்தரம், நான் எல்லோரும் வெளியே, செருப்பு விடும் இடத்தில், அடுக்கிய பிளைவுட்டின் மேல் உட்கார்ந்திருந்தோம். நான் கும்மட்டத்தைப் பார்க்கவில்லை. பிளைவுட்டைத்தான் பார்த்தேன்.

அங்கே பெண்கள் வெளியே போனால் வெள்ளைத் துப்பட்டிதான். சேலைக்கு மேலே, தலையிலிருந்து கால்வரை சுற்றிய தடித்த வெள்ளைத் துணி. தெருத்தெருவாக வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு, கைத்தடியோடு. எதிர்வீதிக் கவுண்டச்சிகளும் நாலைந்து பேர் தாம்பாளத்தில் பழத்தோடு வந்து உள்ளே போனார்கள்.

உள்ளே ஒரே இரைச்சல். குழந்தைகள் எதிரொலியைக் கண்டுபிடித்துவிட்டன. "ஓ..." என்று கத்துவதும், அது திரும்பி வந்ததும் சிரிப்பதும், அந்தச் சிரிப்பு திரும்பி வருவதுமாக...

ஒவ்வொரு "ஓ"வுக்கும் சுந்தரம் கூசிக் குனிந்தான். கமிட்டிக்காரர் ஒருவர் சும்மா இருக்கக் கூடாதா? "இன்ஜினியரே, இதுக்கே டிக்கெட் போடலாம் போல இருக்கே" என்றார்.

அப்போது உள்ளே ஒரு பெண்குரல் அதட்டியது. "அடேய், இதென்ன சந்தைக்கடையா? உக்காருங்க எல்லாரும்!"

"ஜுலேகாம்மா" என்றார் காதர் பாய்.

அவரை ஊருக்கே தெரியும். வீட்டில் வைத்துப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பவர். அன்று உள்ளே இருந்த பெண்களில் பாதிப்பேர் அவரிடம் ஓதியவர்கள். சொன்னதும் எல்லோரும் உட்கார்ந்தார்கள்போலும். சத்தம் படிப்படியாக இறங்கியது.

"வந்ததுக்கு வேடிக்கை மட்டும் பாத்துட்டுப் போறதா? நாலு ஆயத்து ஓதுவோம்" என்று அவர் சொல்வது கேட்டது.

பிறகு ஓதினார்.

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? வயதான குரல். பெரிய குரல் அல்ல. எனக்கு அரபி ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று, வெளியே செருப்புகளுக்கு நடுவே இருந்த எனக்குத் தெரிந்தது.

சுந்தரம் எழுந்துவிட்டான்.

கமிட்டிக்காரர் ஒருவர் சங்கடமாக நெளிந்தார். "பொம்பளை ஓதுறது வெளிய கேக்குதுங்களே. நிறுத்தச் சொல்லலாமுங்களா?"

காதர் பாய் கையைத் தூக்கினார். "இருப்பா." காதை வாசல் பக்கம் சாய்த்தார். "கேக்குது பாரு. சொல்லு சொல்லாக் கேக்குது..."

ஓதி முடிந்தது. உள்ளே "ஆமீன்" என்றார்கள். அது ஒருமுறைதான் கேட்டது.

"கூடம் நெறைஞ்சா இருக்குது?" என்று சுந்தரம் படபடத்தான். வாசலில் நின்ற ஒரு சிறுமியிடம் விசாரித்தான். பாதிகூட நிறையவில்லை என்றாள். எல்லோரும் துப்பட்டியைப் பரப்பிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

அவன் ஓடிவந்து காதர் பாயின் கையைப் பிடித்தான். "ஆள் இல்லீங்க மாமா... துணி! துணிதான் குடிக்குது. தரை மொசைக்கு. மேல போற சத்தம் கீழ வந்து மறுக்கா குதிக்குது. கீழ துணி கெடந்தா எங்க குதிக்கும்? மூட வேண்டியது மேல இல்லீங்க. கீழ!"

"நெசமாவா மாப்ளே?"

"இப்பவே பாத்துப்போடலாமுங்க. தடியா என்னத்தையாச்சும் விரிக்கோணும்."

லாரிக்காரருக்குத் தடித்த துணிக்கா பஞ்சம்? "ஷெட்டுல இருக்கற படுதா அத்தனையும் எடுத்தாங்கடா! தொவைச்சதாப் பாத்து எடுங்க, மாட்டுத்தீவனம் ஏத்துனதெல்லாம் வேண்டாம்!" என்று ஆளை விரட்டினார். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் கடையிலிருந்து ஜமுக்காளங்களும் வந்தன. நேரமோ போய்க்கொண்டிருந்தது, இருட்டுவதற்குள் பார்த்தாக வேண்டும், பொழுது விடிந்தால் சீலிங் ஆட்கள் வந்துவிடுவார்கள். காதர் பாய் வாசலுக்குப் போய், உள்ளே பார்க்காமல், "கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டும்மா, வேலை இருக்குது" என்றார்.

பெண்கள் மளமளவென்று வெளியே வந்தார்கள். நாங்கள் விலகி நின்றோம். கடைசி ஆள் படியிறங்குவதற்குள் படுதா சுமந்தவர்கள் மேலேறிவிட்டார்கள்.

மடித்து மடித்து விரித்தார்கள். ஹஜ்ரத் வந்து நின்றார். ஓதினார்.

சொல் கேட்டது. ஒரு மெல்லிய கார்வை மேலே நின்றது, அவ்வளவுதான். குரலுக்குப் பின்னால் தம்பூரா வைத்ததுபோல. ஹஜ்ரத் ஒரு வரியை இரண்டாம் முறை ஓதினார். கேட்கவில்லை என்பதற்காக அல்ல; கேட்டதற்காக.

காதர் பாய் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பவானிக்குப் போன லாரி, கூடத்தை முழுக்க மூடுமளவுக்குத் தடித்த ஜமுக்காளங்களோடு வந்தது. பிளைவுட் வந்த வழியே சேலத்துக்குத் திரும்பிப் போனது. வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்து, படியெல்லாம் நிறைந்து, வரிசை எங்கும் உடையாமல் ஜும்மா நடந்தது. பிறகு மேடையில் சுந்தரத்துக்குப் பொன்னாடை போட்டார்கள். வந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் கும்மட்டத்தை அண்ணாந்து பார்த்து, "என்ன வெளிச்சம்!" என்றார்கள்.

சுந்தரத்துக்கு மட்டும் ஒரு உறுத்தல். "எனக்குப் போட்டதை அந்தம்மாவுக்குக் குடுக்கோணுங்கண்ணா" என்றான். அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் ஜுலேகாம்மா வீட்டுக்குப் போனோம். பள்ளியிலிருந்து மூன்றாவது தெரு. ஓட்டு வீடு. முன்னறையில் எங்களை உட்கார வைத்தார்கள். அவர் உள்கதவின் திரைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். மருமகள் எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தாள்.

பொன்னாடையை உள்ளே கொடுத்தனுப்பியதும் சிரித்தார். "எனக்கெதுக்கு கண்ணு இத்தனை ஜரிகை? இந்த வயசுல மாப்பிள்ளை ஊர்வலமா போகப் போறேன்?"

"உங்களாலதானுங்கம்மா கும்மட்டம் தப்பிச்சுது."

"நான் என்னப்பா பண்ணேன்? புள்ளைங்க கத்துச்சு, ஓதுனேன். அது அல்லாஹ் நாடுனது." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏந்தம்பி... மேல எப்படி இருக்குது?"

சுந்தரத்துக்குப் புரியவில்லை. "நீங்கதான் அன்னிக்கு உள்ளேயே இருந்தீங்களே?"

"இருந்தேன். ஜனங்க உக்கார்ற வரைக்கும் புள்ளைங்களைப் பாக்கறதே சரியா இருந்துச்சு. ஓதறப்ப கண்ணு கீழதான் இருக்கோணும். ஓதி முடிச்சுட்டு நிதானமா, ஒரு ஓரமா நின்னு அண்ணாந்து பாக்கலாம்னு இருந்தேன்." குரலில் குறை ஏதும் இல்லை. சிரித்தபடியேதான் சொன்னார். "அதுக்குள்ளதான் நீங்கள்லாம் படுதாவைத் தூக்கிட்டு வந்துட்டீங்களே."

சுந்தரம் டீ டம்ளரைக் கீழே வைத்தான். அந்தக் கும்மட்டத்தைப் பற்றிக் கேட்டால் பொழுது சாயும்வரை பேசுகிறவன். அன்று தரையைத்தான் பார்த்தான்.

வெளியே ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னார்கள். தெருவில் ஆண்கள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.